ஆறு பேருக்கான அளவு

பொட்டலத்தின் முதுகில் ‘சுலபம்’ என்றுதான் போட்டிருந்தது.
பாதி வெந்த பாஸ்தா,
அதன்மேல் கோழி, கோழிமேல் சீஸ்.
இருநூறு டிகிரி. நாற்பது நிமிடம்.
ஆறு பேருக்கு.

நாங்கள் இரண்டு பேர்.

மத்தியானம் மூன்றரைக்குப்
புக்கிட் பாஞ்சாங் பேரங்காடி எப்படி இருக்கும் என்று
பதினோரு வருடமாய் எனக்குத் தெரியாது.
தள்ளுவண்டியில் சாய்ந்து
ஊரோடு பேசிக்கொண்டிருக்கும் பணிப்பெண்கள்.
ஒரு பூசணிக் கீற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
வைத்துவிட்டுப் போய், மறுபடி வந்த சீனர்.
குளிர்ப்பெட்டி முன்னால் நான்,
கோழித்தொடையின் விலையைப் படித்துக்கொண்டு.
நேற்று என்றால் படித்திருக்க மாட்டேன்.

கைப்பையில் கயிறு மட்டும் இருந்தது.
அட்டையை வாங்கிக்கொண்டார்கள்,
கயிறு வேண்டாமாம்.
நிறுவனத்தின் பெயரை நீலத்தில்
வாலிலிருந்து வால்வரை அச்சடித்த கயிறு.
‘ஆட்குறைப்பு’ என்று அந்தப் பெண் சொல்லவில்லை.
என் பெயரை முழுதாய்ச் சொன்னாள், முதல்முறையாக,
தாளைப் பார்த்து, தடுக்காமல்:
மங்கையர்க்கரசி.
மற்ற நாளெல்லாம் நான் ‘மங்’.

பூண்டு எட்டுப் பல் நசுக்கினேன்.
தகர டப்பாவிலிருந்து தக்காளி
பொதக்கென்று இறங்கி, சட்டையில் தெறித்தது.
இனி அந்தச் சட்டைக்கு அவசரமில்லை.
கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போயிற்று,
சீரகம்வரை போய்த் திரும்பி வந்தது.
இன்றைக்கு வேண்டாம்.
எனக்குத் தெரிந்தது எதுவும் இன்றைக்கு வேண்டாம்.
காய்ந்த ஓரெகனோவை உள்ளங்கையில் தேய்த்தேன்,
ஓமம்போலத்தான் மணந்தது,
ஏமாற்றுக்காரி.

பாஸ்தாவில் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன்,
நடுவில் இன்னும் வெள்ளைப் புள்ளி.
போதும், மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்ளும்.
அப்படி ஒப்படைத்துவிட்டு நகர
இந்த நாளில் ஒன்றாவது இருந்தது.

மீந்த பாஸ்தாப் பொட்டலத்தின் வாயைக் கட்ட
ரப்பர் வளையம் தேடினேன்.
கயிறு கிடைத்தது.

நாற்பது நிமிடம்.
அவன் கண்ணாடிக்கு முன் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.
சன்னலுக்கு வெளியே இலகு ரயில் போயிற்று.
வீடுகளை நெருங்கும்போது அதன் கண்ணாடிகள்
பாலாய் மங்கிக்கொள்ளும்,
உள்ளே இருப்பவர்கள் எங்களைப் பார்க்காமல் இருக்க.
பத்து வருடமாய்ப் பார்த்து வருகிறேன்,
நன்றி சொல்லத் தோன்றியது இன்றைக்குத்தான்.

சீஸ் முதலில் வியர்த்தது.
பிறகு சரிந்தது. பிறகு
குமிழ் குமிழாய் ஏதோ சொல்ல ஆரம்பித்தது.
நானும் ஒத்திகை பார்த்தேன்:
‘குணா, ஒண்ணு சொல்லணும்.’
‘குணா, சாப்பிட்டுட்டுப் பேசலாம்.’
‘குணா, கோழி எப்படி?’
மூன்றாவது பரவாயில்லை.

குணாளன் எட்டரைக்கு வந்தான்,
முதுகில் பேருந்து இருக்கையின் ஈரச் சதுரத்தோடு.
“சோறு?”
“இல்லை.”
“ஓ.”
மிளகாய் சாஸ் எடுக்க அலமாரியைத் திறந்தவன்
கொஞ்ச நேரம் திரும்பவில்லை.
சாஸ் முன்வரிசையில்தான் இருந்தது.
அதற்குப் பக்கத்தில் பொட்டலம்.

வந்து உட்கார்ந்தான்.
சாஸ் கொண்டுவரவில்லை.

“ஆறு பேர் சாப்பிடலாம் போல.”
“நாளை மதியத்துக்கும் ஆகும்.”

அவன் கரண்டி தட்டத்தின் மூலைக்குப் போயிற்று.
கருகி மொறுமொறுத்த சீஸ் விளிம்பு,
வழக்கமாய் நாங்கள் சண்டை போடும் இடம்.
சுரண்டி எடுத்தான், முழுதும்,
என் தட்டில் வைத்தான்.
“சூடு,” என்றான்.
கேட்காமல் நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

மீந்ததை வைக்கக் குளிர்ப்பெட்டியில்
தயிரை நகர்த்தி, அரைப் பப்பாளியை நகர்த்தி
இடம் பண்ணிக்கொண்டிருந்தேன்.
பின்னால் தண்ணீர் ஓடியது,
தட்டத்தை அவனே ஊறப்போட்டான்.

“நாளைக்கு எனக்குப் பிற்பகல் ஷிஃப்ட்,” என்றான்,
குழாயைப் பார்த்து.
“மதியம் கொஞ்சம் சோறு வடிக்கிறேன்.
தொட்டுக்க இது இருக்கே.”